“எடுத்துட்டுப் போங்க, அடுத்த வாரம் முடிச்சுத் தர்றோம்”: கார் டீலர் தந்த வாக்கை நிறைவேற்ற வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வண்டி பிடித்துப்போய்விட்டது. ஓட்டிப் பார்த்தாயிற்று. ஏசி போட்டால் மட்டும் ஒரு கரகரப்பு, இடது பின்கதவின் கண்ணாடி பாதியிலேயே நின்றுவிடுகிறது. சொன்னதும் விற்பனையாளர் சிரிக்கிறார். “அதெல்லாம் சின்ன வேலை சார். நீங்க வண்டியை எடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் கொண்டு வாங்க, முடிச்சுத் தர்றோம்.” பணத்தைக் கட்டி சாவியை வாங்கிக்கொள்கிறோம்.

நானும் இப்படித்தான் ஒரு பழைய கார் வாங்கினேன். அந்த ‘அடுத்த வாரம்’ வந்து சேர நான்கு மாதம் ஆனது. முதல் தடவை போனபோது பார்ட்ஸ் வரவில்லை. இரண்டாவது தடவை மெக்கானிக் விடுப்பில் இருந்தார். மூன்றாவது தடவை போனால், எனக்கு வண்டி விற்றவரே வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் நாற்காலியில் இருந்தவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எழுதி வாங்கியிருக்கீங்களா சார்?”

இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதன் பிறகு படித்தது, கேட்டறிந்தது, அலைந்து கற்றது எல்லாவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இன்னும் பணம் கட்டாதவர்கள் முதல் படியிலிருந்து படியுங்கள். ஏற்கெனவே வண்டியை எடுத்துவிட்டு அலைகிறவர்கள் நேராக ஐந்தாம் படிக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

டீலருக்கு என்னதான் பொறுப்பு?

டீலரின் பொறுப்பு பல வழிகளில் வருகிறது. அவற்றைக் குழப்பிக்கொண்டால், கேட்க வேண்டியதைக் கேட்காமல் வேறெதையோ கேட்டுக்கொண்டிருப்போம்.

முதலாவது, அவரே கொடுத்த வாக்கு. “இதை மாற்றித் தருகிறேன்” என்று சொல்லி, அதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால் அதுவும் அந்த விற்பனையின் ஒரு பகுதி. வாய்மொழி ஒப்பந்தம் செல்லாது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான நாடுகளில் அது செல்லும். சிக்கல் நிரூபிப்பதில்தான் இருக்கிறது. விற்பனையாளர் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று சொல்லித் தப்பிப்பதும் எளிதில்லை. கடையின் சார்பில் பேசவும் விலை பேசி முடிக்கவும் அவரை உட்காரவைத்தது நிறுவனம்தானே? அவர் வேலையை விட்டுப் போனாலும் அவர் தந்த வாக்கு கடையோடுதான் இருக்கிறது.

இரண்டாவது, வாரண்டி. இது தனிக் காகிதம். எந்தெந்த பாகம், எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இருக்கும். வாக்குக் கொடுத்த பழுது வாரண்டிப் பட்டியலில் இல்லாவிட்டாலும் வாக்கு வாக்குதான். “ஏசி வாரண்டியில் வராது” என்று டீலர் சொன்னால், “நான் வாரண்டியைக் கேட்கவில்லை, விற்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட வேலையைக் கேட்கிறேன்” என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் சட்டம் சுமத்தும் கடமை. இது நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய வண்டி தரமாகவும் சொன்னபடியும் இல்லாவிட்டால் முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு, பழுதுபார்க்க டீலருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அந்த ஒரு வாய்ப்பில் சரியாகாவிட்டால் விலையைக் குறைக்கவோ வண்டியைத் திருப்பவோ உரிமை வந்துவிடுகிறது. முதல் 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது டீலரின் வேலை. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ‘லெமன் சட்டம்’ இதே போன்ற 6 மாதப் பாதுகாப்பைப் பழைய வண்டிகளுக்கும் தருகிறது. ஆஸ்திரேலியாவில் 2011 முதல் நடப்பிலுள்ள நுகர்வோர் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், கடைக்காரர் கூடுதலாகத் தரும் வாக்குகளையே நிறைவேற்றியாக வேண்டிய உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறைபாட்டையும் சேவைக் குறைபாட்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. வாக்குத் தந்த வேலையைச் செய்யாமல் இழுத்தடிப்பதைச் சேவைக் குறைபாடு என்றே வாதிடலாம். இன்னொன்றையும் பாருங்கள். 2022 டிசம்பரில் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்கும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். இது 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கீகாரச் சான்றைக் காட்டத் தயங்குகிறவரின் வாக்கை நம்பி நான் முன்பணம் கூடத் தர மாட்டேன்.

நான்காவது, தயாரிப்பாளரின் ரீகால். அதாவது, தயாரிப்பிலேயே குறை இருப்பது தெரிந்து, அந்த வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்வது. வண்டியின் 17 எழுத்து, எண்கள் கொண்ட அடையாள எண்ணை வைத்து நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிடலாம். அந்த வேலையை அதிகாரபூர்வ சர்வீஸ் மையம் இலவசமாகச் செய்யும். எப்படியும் இலவசமாக நடக்க வேண்டிய ரீகால் வேலையை, “உங்களுக்காகச் செய்து தருகிறேன்” என்று சலுகைபோலக் காட்டி விலை பேசும் டீலர்களும் உண்டு. கவனமாக இருங்கள்.

“உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது” என்று பில்லில் அச்சடித்திருந்தால் என்ன ஆகும்? ‘ஆஸ் ஈஸ்’ என்று சொல்வார்களே, அதுதான். வண்டியின் பொதுவான நிலை பற்றிய பொறுப்பைக் கைகழுவுவதற்கான வரி இது. சில நாடுகளில் டீலர்கள் இப்படிக் கைகழுவவே முடியாது. முடிகிற இடத்திலும், அதே பில்லில் “ஏசி கம்ப்ரசர் மாற்றித் தரப்படும்” என்று தனியாக எழுதியிருந்தால் அந்த வாக்கை இந்தப் பொது வரி அழித்துவிடாது. அமெரிக்காவில் பழைய வண்டியின் ஜன்னலில் டீலர் ஒட்டியாக வேண்டிய வாங்குவோர் கையேட்டுத் தாளிலேயே, வாய்மொழி வாக்குகளை நிறைவேற்ற வைப்பது கடினம், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள் என்று அச்சடித்திருக்கும். அந்தத் தாளில் இருப்பது விற்பனை ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். ஒப்பந்தத்தில் அதற்கு மாறாக எது இருந்தாலும் தாளில் உள்ளதே செல்லும்.

ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்க வேண்டிய இன்னொரு வரி இது: “இந்தப் படிவத்தில் உள்ளதே முழு ஒப்பந்தம், இதற்கு வெளியே எந்த வாக்கும் இல்லை.” பெரும்பாலும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, வாயால் சொன்ன வேலையைக் கேட்டு வழக்காடுவது மேட்டில் வண்டி தள்ளுவது மாதிரி. அடுத்து வரும் படிகளின் நோக்கமே அந்தப் படிவத்துக்குள் வாக்கைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான்.

படி 1: பழுதுகளைப் பட்டியலாக்குங்கள்

டீலருடன் தொடர்பே இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுங்கள். என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டியில் பல சத்தங்கள் ஒளிந்துகொள்ளும்.

ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று வந்தால் அதோடு நின்றுவிட வேண்டாம். ‘ரெடினஸ் மானிட்டர்’ என்ற பகுதியையும் காட்டச் சொல்லுங்கள். வண்டியின் கணினி தன் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைத் தானே சோதித்து முடித்துவிட்டதா என்று அதில் தெரியும். எஞ்சின் விளக்கை அணைப்பதற்காக யாராவது குறியீடுகளை அழித்திருந்தால், இந்தச் சோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்று காட்டும். திரும்ப முடிய, பல விதமான சாலைகளில் சில நாள் ஓட வேண்டும். “விளக்கு எரிந்தது, சரிசெய்துவிட்டோம்” என்று டீலர் சொல்லி, மானிட்டர் எல்லாம் முடியாமல் கிடந்தால், சரிசெய்தது பழுதையா விளக்கையா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. “டயர் எல்லாம் புதுசு” என்ற பேச்சை ஒரு நொடியில் சரிபார்த்துவிடலாம்.

பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், எரிபொருள் கசிவு. இந்த நான்கில் குறை இருந்தால் எழுதி வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, வேலை முடியாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இதில் நான் பேரம் பேசவே மாட்டேன். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓடப்போகும் வண்டி அது.

படி 2: வாக்கை எழுத்தாக்குங்கள்

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இது. எழுதி வாங்கினால் போதும் என்று நினைத்து, “ஏசி சரிசெய்து தரப்படும்” என்று ஒரு வரி வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு டீலர் என்ன செய்யலாம் தெரியுமா? கேஸ் மட்டும் நிரப்பிக் கொடுக்கலாம். எங்காவது கசிவு இருந்தால் கொஞ்ச நாள் ஜில்லென்று இருந்துவிட்டுப் பழையபடி ஆகிவிடும். கேட்டால், “சரிசெய்து தந்தோமே” என்பார். வாக்கியப்படி அவர் சொல்வது தவறும் இல்லை.

அதனால் எந்தப் பாகம், மாற்றுவதா பழுதுபார்ப்பதா, புதியதா பழையதா, யார் செலவு, எந்தத் தேதிக்குள், முடிந்தது என்பதை எப்படி அறிவது, முடிக்காவிட்டால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். என் வண்டிக்கு நான் எழுதி வாங்கியிருக்க வேண்டிய வாசகம் இதுதான். உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“மேற்கண்ட அடையாள எண், பதிவு எண், ஓடோமீட்டர் அளவு கொண்ட வாகனத்தில் விற்பனையாளர் தன் சொந்தச் செலவில் செய்து தர ஒப்புக்கொண்ட வேலைகள்: (1) ஏசி கம்ப்ரசரையும் ரிசீவர் டிரையரையும் புதிதாக மாற்றி, குழாய்களைச் சுத்தம் செய்து, கசிவுச் சோதனை செய்து தருதல். (2) இடது பின்கதவின் பவர் விண்டோ மோட்டாரைப் புதிதாக மாற்றுதல். இவ்வேலைகள் ____ தேதிக்குள் முடிக்கப்படும். கழற்றிய பழைய பாகங்களும், புதிய பாகங்களின் பில் நகலும் வாங்குபவரிடம் தரப்படும். பொருத்திய பாகங்களுக்கும் வேலைக்கும் ____ மாத உத்தரவாதம் உண்டு. மேற்படி தேதிக்குள் முடிக்காவிட்டால், வாங்குபவர் வேறு இடத்தில் செய்துகொண்டு பில்லைத் தந்த ____ நாட்களுக்குள் அத்தொகையை விற்பனையாளர் தருவார்.”

ஏசி அமைப்பின் ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரையும் குழாய்ச் சுத்தத்தையும் ஏன் எழுத வேண்டும்? கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து உடைந்தால் உலோகத் துகள்கள் குழாய் முழுவதும் ஓடியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புதிய கம்ப்ரசரை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும். எழுதும் முன் மெக்கானிக்கிடம், “இந்த வேலையோடு சேர்ந்து என்னென்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டால் இந்த மாதிரி விவரங்கள் கிடைக்கும்.

இதைத் தனிச் சீட்டில் வாங்காதீர்கள். விற்பனைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இடம் இல்லையென்றால் இணைப்புத் தாளில் எழுதி, “இணைப்புத் தாளும் இந்த ஒப்பந்தத்தின் பகுதி” என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவரின் பெயர், பதவி, நிறுவன முத்திரை, தேதி எல்லாம் இருக்கட்டும். படிவத்தை அங்கேயே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

“நம்பிக்கை இல்லையா சார்?” என்று கேட்பார்கள். கேட்கும் தொனியில் நமக்கே கூச்சம் வந்துவிடும். எனக்கு வந்தது. இப்போது கேட்டால் நான் சொல்லும் பதில்: “உங்க மேல நம்பிக்கை இருக்கு. நாளைக்கு நீங்க இங்க இல்லைன்னா, உங்க இடத்துல வர்றவருக்கு இது தெரியணும்ல?” செய்யப்போகிறவருக்கு எழுதித் தருவதில் சங்கடம் இருக்காது.

படி 3: பணமும் சாவியும்

பழுதுபார்த்த பிறகு டெலிவரி எடுப்பதுதான் சிறந்தது. முன்பணம் கொடுத்து வண்டியைப் பிடித்து வையுங்கள், வேலை முடிந்ததும் மீதியைக் கட்டுங்கள். முன்பண ரசீதிலேயே “கீழ்க்கண்ட வேலைகள் முடியாவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்” என்று எழுதச் சொல்லுங்கள்.

உடனே எடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால், பழுதுக்கு ஆகும் செலவை வெளி மெக்கானிக்கிடம் கேட்டு, அதைவிடச் சற்று அதிகமான தொகையை நிறுத்தி வைக்கப் பேசுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டு வேலையை நீங்களே உங்கள் மெக்கானிக்கிடம் செய்துகொள்ளுங்கள். சின்ன வேலைகளுக்கு எனக்கு இதுவே மிகப் பிடித்த வழி. வாக்கும் இல்லை, அலைச்சலும் இல்லை.

கடனில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. வங்கி முழுத் தொகையையும் டீலருக்கு அனுப்பிவிட்டால் உங்கள் கையில் பிடி எதுவும் இருக்காது. பணம் போகும் தேதியை வேலை முடியும் தேதிக்குப் பின் வைக்க முடியுமா என்று முன்பே கேளுங்கள்.

படி 4: டெலிவரி நாளில்

பகல் வெளிச்சத்தில் போங்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். கண்ணாடியை ஐந்தாறு முறை ஏற்றி இறக்குங்கள், ஏசியை அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். “வாகனம் திருப்தியான நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது” என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். வேலை பாக்கி இருந்தால், அந்த வரிக்குக் கீழேயே உங்கள் கையால் “பின்வரும் வேலைகள் நிலுவையில்” என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்தத் தாள்தான் பிறகு உங்களுக்கு எதிராக முதலில் வெளியே வரும்.

படி 5: எழுதி வாங்காமல் எடுத்துவிட்டீர்களா?

பதற வேண்டாம். வாக்கின் தடயம் இன்னும் உருவாக்கலாம். இன்றைக்கே விற்பனையாளருக்கும், முடிந்தால் நிறுவனத்தின் பொது எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்:

“வணக்கம். இன்று உங்களிடம் வண்டி டெலிவரி எடுத்தேன். ஏசி கம்ப்ரசரையும் இடது பின்கதவு கண்ணாடி மோட்டாரையும் உங்கள் செலவில் மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள். வரும் 14-ஆம் தேதி வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறீர்கள். காலை எத்தனை மணிக்கு வர வேண்டும்?”

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். “நீங்கள் சொன்னது உண்மைதானே?” என்று கேட்டால் உஷாராகிவிடுவார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டால் “10 மணிக்கு வாங்க சார்” என்று பதில் வரும். வாக்கை ஒப்புக்கொண்டதற்கு அந்த ஒரு வரி நல்ல சான்று.

எனக்கு உதவியதும் இப்படி ஒன்றுதான். நான்காவது மாதத்தில் ஒரு இரவு, போனில் பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனேன். இரண்டாவது வாரத்தில் அந்த விற்பனையாளர் அனுப்பிய ஒரு வரி கிடைத்தது: “கம்ப்ரசர் ஆர்டர் போட்டாச்சு சார், வந்ததும் சொல்றேன்.” அவர் செலவில் மாற்றுவதாக ஒப்புக்கொள்ளாமல் எதற்கு ஆர்டர் போட வேண்டும்? அதைப் படம் எடுத்துக் கடிதத்தோடு இணைத்தேன்.

விளம்பரத்தின் படங்கள், விலை பேசிய செய்திகள், டெலிவரி நாளில் எடுத்த வீடியோ, உடன் வந்தவர் கேட்டது எல்லாம் சான்றுதான். போன் பேச்சைப் பதிவுசெய்வது மட்டும் எல்லா நாட்டிலும் அனுமதி இல்லை. மறுமுனையின் சம்மதம் வேண்டும் என்று சொல்லும் சட்டங்கள் உண்டு. பேசி முடித்ததும் “இப்போது போனில் பேசியபடி…” என்று தொடங்கி ஒரு செய்தி அனுப்பிவிட்டால் அந்தச் சிக்கலே வராது.

படி 6: வேலைக்கு விடும்போது

ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் ஜாப் கார்டு, அதாவது என்ன வேலைக்கு வண்டியை விட்டோம் என்று குறிக்கும் சீட்டு, கேட்டு வாங்குங்கள். அதில் தேதி, கிலோமீட்டர், நீங்கள் சொன்ன குறை, “கட்டணம் இல்லை, விற்பனை வாக்கின்படி” என்ற குறிப்பு நான்கும் இருக்க வேண்டும். “பார்ட்ஸ் இல்லை” என்று திருப்பி அனுப்பினாலும் அன்றைய தேதியில் ஒரு ஜாப் கார்டு போட்டு, அந்தக் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், வாசலிலிருந்தே “இன்று வந்தேன், பார்ட்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்பினீர்கள்” என்று செய்தி அனுப்பிவிடுங்கள்.

இப்படி ஒவ்வொரு வருகைக்கும் ஒரு காகிதம் சேர்ந்தால், ‘எத்தனை முறை வாய்ப்புத் தந்தோம்’ என்பதற்கு வேறு சாட்சியே தேவையில்லை. பல நாடுகளில் வண்டியைத் திருப்பும் உரிமை இந்த எண்ணிக்கையையும் நாட்களையும் பொறுத்தே வருகிறது.

திரும்ப எடுக்கும்போது பழைய பாகத்தைக் கேளுங்கள். புதிய பாகத்தின் பில்லில் உள்ள எண்ணை வண்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

படி 7: கெடு வைத்துக் கடிதம்

இரண்டு முறை இழுத்தடித்துவிட்டால் வாய்ப் பேச்சை நிறுத்துங்கள். சண்டை போட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். நிறுவனத்தின் உரிமையாளர் அல்லது மேலாளர் பெயருக்கு, ஒப்புகை கிடைக்கும்படி பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். வண்டியின் விவரம், வாங்கிய தேதி, வாக்கு என்ன, யார் எப்போது தந்தார், எந்தெந்தத் தேதிகளில் போனீர்கள், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதி, இப்படி முடியுங்கள்:

“இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் மேற்கண்ட வேலைகளை உங்கள் செலவில் முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வண்டியை எந்தத் தேதியில் விட வேண்டும் என்று எழுத்தில் தெரிவியுங்கள். தவறினால் வேறு இடத்தில் பழுதுபார்த்து அச்செலவையும், எனக்கு ஏற்பட்ட இழப்பையும் உங்களிடமிருந்து பெற உரிய அமைப்பில் புகார் செய்வேன்.”

கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பின்னாளில் படிக்கப்போவது மூன்றாவது மனிதர் ஒருவர். அவருக்கு உங்கள் தேதிகள்தான் பேசும். மோசடி, திருட்டு என்றெல்லாம் எழுதினால் அவதூறு என்று அவர்கள் திருப்பிப் பிடிக்கவும் வழி ஆகிவிடும்.

படி 8: வெளியில் பழுதுபார்ப்பதற்கு முன்

கெடு முடிந்ததும் நேராக வேறு மெக்கானிக்கிடம் ஓடிவிடாதீர்கள். இரண்டு இடங்களில் எழுத்து மூலம் மதிப்பீடு வாங்கி, டீலருக்கு அனுப்பி, “இந்தத் தேதியில் இங்கே செய்யப்போகிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்” என்று தெரிவியுங்கள். செய்யும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். பழைய பாகத்தைப் பத்திரப்படுத்துங்கள். பழுதுதான் உங்கள் சான்று, அதைச் சரிசெய்த நொடியில் அது மறைந்துவிடும். அதனால் மெக்கானிக் என்ன பார்த்தார் என்பதைப் பில்லிலேயே நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்.

வாக்கில் இல்லாத வேலைகளை அதே பில்லில் சேர்க்காதீர்கள். கம்ப்ரசரோடு சீட் கவரும் இருந்தால் டீலர் சீட் கவரைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

கடன் தவணையை நிறுத்தி டீலரை வழிக்குக் கொண்டுவரலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். வேண்டாம். தவணை நின்றால் பாதிக்கப்படுவது உங்கள் கடன் வரலாறு, வண்டியும் பறிபோகலாம். கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரியப்படுத்துவது வேறு, அது நல்லது. பிரிட்டனில் வாடகைக் கொள்முதல் முறையில் எடுத்த வண்டிக்குச் சட்டப்படி விற்பனையாளரே நிதி நிறுவனம்தான், அவர்களிடமே கோரலாம்.

படி 9: புகார்

எந்த நாட்டிலும் காலக்கெடுவை முதலில் பாருங்கள். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் இருக்கின்றன. டீலர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம், இணையம் வழியாகவும் முடியும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், சில டீலர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட 3 மாதம்தான் இருக்கிறது. ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று காத்திருந்தால் அது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். மலேசியாவில் நுகர்வோர் தீர்ப்பாயத்துக்கு 3 ஆண்டுகள், சிங்கப்பூரில் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்கு 2 ஆண்டுகள். அந்த இரண்டு இடங்களிலும் பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேச வேண்டும், அதற்கும் இந்தக் காகிதக் கட்டுதான் கைகொடுக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் டீலர்கள் ஓம்விக் என்ற அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும், புகாரை அங்கே கொண்டு போகலாம். பிரிட்டனில், வாகனத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் மோட்டார் ஆம்பட்ஸ்மன் அமைப்பில் டீலர் சேர்ந்தவரா என்று பாருங்கள்.

புகாரில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். பழுதுபார்த்த செலவு, வண்டி நின்ற நாட்களில் ஆன பயணச் செலவு ஆகியவற்றை பில்லோடு கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். மன உளைச்சலுக்கு மலைபோல் ஒரு தொகையைப் போட்டால் உண்மையான கோரிக்கையும் அதோடு சேர்ந்து எடை குறைந்து தெரியும். பெரிய தொகை, வண்டியையே திருப்ப வேண்டிய நிலை, கிலோமீட்டர் குறைத்துக் காட்டிய மோசடி போன்றவற்றுக்கு ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம்.

படி 10: டீலர் இறங்கி வந்தால்

பெரும்பாலும் கடிதத்துக்கும் புகாருக்கும் நடுவில் போன் வரும். “வாங்க சார், பேசி முடிச்சுக்கலாம்.” போங்கள், நல்லதுதான். ஆனால் வேலை முடிவதற்கு முன் “எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன” என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். புகாரை முதலில் வாபஸ் வாங்கச் சொன்னால், வேலை முடிந்து வண்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். பாதி வேலைக்குப் பணமாகத் தருகிறேன் என்றால், எந்தப் பாதி என்று எழுத்தில் இருக்கட்டும்.

எனக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த ஒன்பதாவது நாள் அழைப்பு வந்தது. காலையில் விட்ட வண்டியை மாலையில் எடுக்கப் போனேன். பின்கண்ணாடி ஒரே மூச்சில் மேலே போனது. ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன், யாரும் அவசரப்படுத்தவில்லை. டிக்கியைத் திறந்தால், எண்ணெய்க் கறை படிந்த அட்டைப் பெட்டிக்குள் பழைய கம்ப்ரசர் இருந்தது. புதிய பாகத்தின் பில் நகலை அதன்மேல் மடித்து வைத்திருந்தார்கள். பில்லில் இருந்த எண்ணை, குனிந்து என்ஜின் பக்கம் டார்ச் அடித்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. அப்புறம்தான் ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டேன்.